மலையடியில் ஒரு ஹாலிபட் கணக்கு

போன வாரம் பவித்ரா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, இந்த மாசம் புது சிஸ்டம் போட்டிருக்காங்க இல்ல, அது மாலிக் ஊருக்கு ஜீரோன்னு காட்டுது. அவர்கிட்டருந்து மெயில் வரலையாம், அதனால அதுவே ஜீரோ போட்டுடுச்சு. அப்படியே அனுப்பிடட்டுங்களா?"

"அனுப்பாதே பவித்ரா. நாளைக்கு வரைக்கும் பொறுத்துக்கோ."

"ஏங்கா? அவ்ளோ பெரிய டேபிள்ல ஒரே ஒரு ஊருதானே?"

ஒரே ஒரு ஊர்தான், கிரீன்லாந்தின் ஒரு மூலையில். ஆனால் அந்த ஊரில் பிடிபடும் மீனை வாங்க ஒரே ஒரு கொட்டகைதான் இருக்கிறது. அந்தக் கொட்டகையை வைத்திருக்கும் வியாபாரி எங்கள் அட்டவணையைப் பார்த்துத்தான் அதைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று முடிவு செய்கிறவர். அவர் கண்ணில் பூஜ்யம் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏற்கனவே ஒரு முறை அந்த வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறோம். பவித்ராவுக்கு அதைப் போனில் சொல்லி முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பார்த்தது மீன் உத்தியோகம். சிரிக்க வேண்டாம். கடல் பக்கத்தில்கூட இல்லாத திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் போகிற வழியில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து, ஹாலிபட் என்ற மீன் எந்த நாட்டுக் கடலில் ஜாஸ்தி, எந்த நாட்டில் கம்மி என்று மாதாமாதம் கணக்குப் பார்த்து, பல தேசத்து மீன் வியாபாரிகளுக்குக் கடிதம் அனுப்புவோம். ஹாலிபட் குளிர்ந்த கடலின் அடியில் படுத்துக் கிடக்கும் தட்டை மீன். நம் கடலில் எருமை நாக்கு என்கிறார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம். பிறக்கும்போது மற்ற மீன்களைப் போல இரண்டு பக்கமும் கண் இருக்கும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து மறு பக்கத்துக்கு வந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகப் படுத்து, இரண்டு கண்ணாலும் மேலே பார்த்துக்கொண்டே இருக்கும். என் உத்தியோக காலம் முழுவதும் அதை எண்ணினேன். ஒரு ஹாலிபட்டைக்கூட நேரில் பார்த்தது கிடையாது.

வேலை கிடைத்த கதை சின்னது. எங்களுக்கு அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம், மணிலாக் கடலை போடுவோம். நான் அரசு கலைக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் கடைச் சுவரில் 'கணக்கு தெரிந்த ஆள் தேவை' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாடி ஏறிப் போனேன். வெள்ளைக்கார அம்மா ஒருவர் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து, சுற்றிலும் ஃபேக்ஸ் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார்.

"குந்து," என்றார். "இன்னா படிச்ச?"

இங்ரித் அம்மா. நார்வேயின் வட கோடியில் ஒரு தீவில் பிறந்தவர். அங்கே மீன் ஏலக்கூடத்தில் எழுத்தராக இருந்து, மலையைப் பார்க்க வந்து, மலை விடாமல் இங்கேயே தங்கிவிட்டவர். தமிழை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது செங்கம் ரோட்டுக் காய்கறிக்காரிகள். அதனால் பூக்காரியிலிருந்து வட்டாட்சியர் வரை எல்லோருமே அவருக்கு 'நீ, வா, போ'தான். யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு அவர் வைத்திருந்த ஒரே தொழில் அந்த மாதக் கடிதம்.

முதல் வருடம் முழுவதும் எனக்குத் திட்டுதான். ஹாலிபட் என்பது ஒன்றல்ல. அட்லாண்டிக் ஹாலிபட் வேறு, பசிபிக் ஹாலிபட் வேறு, கிரீன்லாந்து ஹாலிபட் முற்றிலும் வேறு மீன். சின்னது, கறுப்பு, ஆழத்தில் வாழ்வது. மூன்றையும் ஒரே கூடையில் கொட்டினால் அந்த மாதக் கடிதமே பொய். அடுத்தது எடை. ஒரு நாடு முழு மீனாக எடை சொல்லும். இன்னொன்று குடலை எடுத்துவிட்டுச் சொல்லும். மற்றொன்று தலையும் வெட்டியபின் சொல்லும். எல்லாவற்றையும் முழு மீனுக்கு மாற்றித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அதனால் காலை முழுக்க எங்கள் மாடியில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"ரஷ்யாக்காரன் தலை வச்சிருக்கானா?"

"இல்லைங்கம்மா, வெட்டிட்டான்."

"குடல்?"

"அதையும் எடுத்துட்டான்."

கீழ்வீட்டில் இருந்தவர் வீட்டுக்காரர் சபாபதி. சைவப் பழம், முட்டை வாங்குகிறவனுக்குக்கூட வீடு விடமாட்டார். ஒருநாள் படியேறி வந்து வாசலிலேயே நின்றார். வியர்த்துப்போயிருந்தார்.

"ஏம்மா வசந்தா, தப்பா நினைக்காதே. மேல இன்னா தொழில்தான் நடக்குது?"

விஷயத்தைச் சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "மீனுதானா! ஈஸ்வரா," என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். அதன்பிறகு மீனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம், "இந்த மாசம் கனடா எப்பிடி?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

இங்ரித் அம்மாவின் முறைகளைச் சொல்ல வேண்டும். எண்களை முதலில் பென்சிலால்தான் எழுதுவார். நான் உரக்க வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார். மறுபடி அவர் வாசிக்க, நான் கேட்பேன். கடிதம் முடிந்த அன்று அனுப்பமாட்டார். "ஒரு ராத்திரி தூங்கட்டும்" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். காலையில் மலையைப் பார்த்தபடி சர்க்கரையில்லாத காப்பி குடித்து, இன்னொரு முறை வாசித்தபின்தான் அனுப்புவோம்.

செய்தி வராத ஊருக்கு அவர் கட்டத்தைக் காலியாக விடுவார். பெரிய அலுவலகங்கள் அங்கே பூஜ்யம் போட்டுவிட்டுப் போய்விடும். அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "காலின்னா எனக்குத் தெரியலன்னு அர்த்தம். ஜீரோன்னா அங்க மீனே புடிக்கலன்னு எனக்குத் தெரியும்னு அர்த்தம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதறவ என்கூட வேல செய்ய வேணாம்," என்பார்.

இன்னொரு விதியும் உண்டு. எண்ணை எழுது, காரணத்தை எழுதாதே. இது எனக்குப் புரிய நாளானது.

அந்த வருடங்கள் இப்போது யோசித்தால் ஒரே நீண்ட மத்தியானமாகத் தெரிகின்றன. சித்திரை வெயிலில் கரண்ட் போய்விடும். மின்விசிறி நின்று, கதவுக்கு வெளியே மலை வெள்ளையாகக் காயும். நான் ஐஸ்லாந்து என்று எழுதுவேன். விரல் நுனி குளிர்ந்த மாதிரி இருக்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹாலிபட் என் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே ஏறக்குறைய தீர்ந்துபோயிற்று. அதற்கு மேலே கனடாவின் கிழக்கில் மெல்ல மெல்ல ஏறியது. நார்வேயிலும் ஏறியது. ஐஸ்லாந்தில், தூண்டிலில் தானாக வந்தாலும் உயிரோடு இருந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அலாஸ்கா பக்கம் வேறு கதை. அங்கே அதே வயது மீன், முன்னைவிட உடம்பு சிறுத்துக்கொண்டே வந்தது. ஏன் என்று கண்டவர்கள் பலதும் சொன்னார்கள்; யாருக்கும் உறுதியில்லை. இவற்றையெல்லாம் வருடக்கணக்கில் எழுதியவளுக்குத் தூக்கத்திலும் அதுதான். செங்கம் ரோடுவரை கடல் ஏறி வந்து நிற்கும். மலை ஒரு தீவாகிவிடும். அடியில் ஹாலிபட்டுகள் அவசரமே இல்லாமல் வலமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், இரண்டு கண்ணும் உச்சியைப் பார்த்தபடி. விழித்ததும் இங்ரித் அம்மாவிடம் சொல்வேன். "தலையோடவா?" என்று கேட்பார்.

மாலிக்குக்கு வருகிறேன். கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், வடக்கே தூரத்தில் ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும். ஆண்கள் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் பனிக்கட்டிமேல் போய், துளை போட்டு, நீளமான தூண்டில் கயிறு இறக்கி ஹாலிபட் பிடிப்பார்கள். பிடித்ததைக் கரையில் ஒரு கொட்டகையில் எடைபோட்டு உறையவைப்பார்கள். எடை போடுகிறவர் மாலிக். அந்த ஊருக்கு அறிக்கை, அலுவலகம் ஒன்றும் கிடையாது. ஆகவே மாதாமாதம் நாங்களே போன் செய்வோம். மாலிக் என்பது அவர்கள் பாஷையிலும் உள்ள பெயர். என் தம்பி ஏழுமலை வெகுநாள் அவரை ஆம்பூர் பாய் என்றே நினைத்திருந்தான். "பாய்க்கு எதுக்குக்கா இவ்ளோ தூரத்துல உத்தியோகம்?" என்று கவலைப்படுவான்.

எங்களுக்கு விளக்கேற்றுகிற நேரம், அவருக்கு முற்பகல். ஆனால் குளிர்காலத்தில் அங்கே சூரியனே வராது. போனை எடுத்ததும் முதலில் நாய்கள் குரைப்பதுதான் கேட்கும். பிறகு மாலிக், "தி-ரு-வண்-ணா-மலை?" என்று பிரித்துப் பிரித்துச் சொல்லிச் சிரிப்பார். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். எடையைச் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். பிறகு வானிலை. "இங்கே வெயில்" என்பேன். "கொஞ்சம் அனுப்பு" என்பார். அவ்வளவுதான் பழக்கம். அந்தக் குரைப்பைக் கேட்காத மாதம் எனக்கு மாதமாகவே தோன்றாது.

ஒரு தை மாதம் அவர் சொன்ன எடை காதில் தப்பாக விழுந்துவிட்டதோ என்று மூன்று தடவை திருப்பிச் சொன்னேன். முந்தைய மாதமும் இறக்கம். இந்த மாதம் அதில் பாதிகூட இல்லை. மாலிக் சிரிக்கவில்லை.

"கடல் சரியாக உறையவில்லை. படகு போக முடியாத அளவுக்குத் தடிமன். வண்டி போக முடியாத அளவுக்கு மெலிசு. எல்லோரும் கரையில் நிற்கிறோம்," என்றார். பிறகு, "உங்கள் கடிதத்தை முதலாளி வாசிப்பார். மீன் குறைந்துவிட்டது என்று அவர் நினைத்தால் கொட்டகையை மூடிவிடுவார். பக்கத்துக் கொட்டகைக்குப் போகப் பாதை இல்லை. கொட்டகை இல்லை என்றால் இந்த ஊர் இல்லை," என்றார்.

நான் போனை வைத்துவிட்டு இங்ரித் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, பனிக்கட்டி வரலைன்னு ஒரு வரி எழுதிடலாங்கம்மா."

"எழுதக் கூடாது."

"ஏங்கம்மா? உண்மைதானே?"

"வசந்தா, எங்க தீவுல மீன் கம்மியாச்சு. மொத வருஷம் எங்கப்பா சொன்னாரு, காத்து சரியில்ல. அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான், தூண்டி சரியில்ல. அதுக்கடுத்த வருஷம் தண்ணி சரியில்ல. எல்லாம் உண்மதான். எவனும் பொய் சொல்லல. ஏலக்கூடத்துல குந்தி, எண்ணு பக்கத்துல அத்தனை காரணத்தையும் எழுதினவ நான்தான். படிச்சவங்களுக்கு நிம்மதியா இருந்துச்சு. கடைசியில காரணம் மட்டும் இருந்துச்சு, மீன் இல்ல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மாலிக் குரல் காதில் நின்றது. எனக்கு அம்மாமேல் வந்த கோபமும் உண்மைதான். கடிதத்தை அன்று அவர் மேசைமேல் தூங்க வைத்தார். மறுநாள் தைப்பூசப் பௌர்ணமி. அனுப்பவில்லை.

அந்தத் தை மாதம் இங்கேயும் காலம் தவறி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் பாலத்துக்குமேல் போனது. வெளியூர் பஸ் எதுவும் வரவில்லை. இங்ரித் அம்மா எந்தப் பௌர்ணமியையும் விட்டதில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. பௌர்ணமியன்று கால் வைக்க இடமிருக்காத பாதையில் மழைச் சத்தம் மட்டும்தான். மலை மேகத்துக்குள் போய்விட்டது. அங்கங்கே ஒரு குடும்பம் நனைந்துகொண்டே நாமம் சொல்லிப் போனது.

அடி அண்ணாமலையில் ஏழுமலையின் டீக்கடையில் ஒதுங்கினோம். பால் அடுப்பில் சும்மா கொதித்துக்கொண்டிருந்தது.

"வியாபாரம் கம்மியா?" என்று இங்ரித் அம்மா கேட்டார்.

"கம்மிதாங்கம்மா. பெரிய நஷ்டம்," என்றான் ஏழுமலை, டீயை ஆற்றியபடி. "ஆனா ஜனங்களுக்கு டீ மேல ஆசை ஒண்ணும் கொறயல. பஸ்ஸு வுடல, வரல. வந்தவன் எல்லாருமே வழக்கம்போலத்தான் குடிச்சிட்டுப் போறான். இன்னும் சொல்லப்போனா ஒரு கிளாஸ் ஜாஸ்தி."

இங்ரித் அம்மா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தார். குடிக்கவில்லை. பிறகு, "ஏழுமல, இன்னொரு தடவ சொல்லு," என்றார். அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். "வந்தவன்லாம் குடிச்சாங்கம்மா," என்றான்.

சுற்றை முடித்துக்கொண்டுதான் திரும்பினார். பாதியில் விட்டு வருவது அவருக்குப் பழக்கமில்லை. அறைக்கு வந்ததும் நனைந்த புடவையோடு மாலிக்குக்குப் போன் போடச் சொன்னார். அவரே பேசினார். வண்டிகள் எத்தனை நாள் பனிக்கட்டிமேல் போயின என்று கேட்டார். மாலிக்குக்கு அதைச் சொல்லக் கஷ்டமே இல்லை. போகிற ஒவ்வொரு வண்டியும் கொட்டகை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். எவன் எந்த நாள் போனான், எவன் வெறுங்கையோடு திரும்பினான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பழைய வருடங்களையும் கேட்டு வாங்கினார். நான் பென்சிலால் எழுதினேன். கணக்குப் போட்டோம். வண்டி போன ஒரு நாளைக்கு எவ்வளவு மீன் என்று பார்த்தால், அந்தத் தை மாதமும் பழைய தை மாதங்களும் ஒன்றாகவே இருந்தன.

அன்றிலிருந்து எங்கள் அட்டவணையில் ஒரு பத்தி கூடிற்று: 'வண்டி சென்ற நாட்கள்'. அது காரணமல்ல, கதையுமல்ல. அதுவும் ஒரு எண். வேண்டியவர் வாசித்துப் புரிந்துகொள்ளலாம். இங்ரித் அம்மாவின் விதி உடையவில்லை. கடிதம் போயிற்று. வியாபாரியிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது, இந்தப் பத்தி எப்படி வாசிப்பது என்று. பதில் எழுதினோம். கொட்டகை மூடவில்லை.

நான் குதித்தேன். ஏழுமலைக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். அவனுக்கு எதற்கென்றே புரியவில்லை. "ஆம்பூர் பாய்க்கு நல்லதாச்சா? அப்ப சரி," என்றான்.

இங்ரித் அம்மா மட்டும் மேசையில் கையை ஊன்றி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல சேதின்னு நெனைக்காத வசந்தா," என்றார். "மீனு இருக்கு. ஐஸு இல்ல. இது எங்கப்பா பார்க்காத கணக்கு."

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. கொட்டகை பிழைத்தது, அதுவே போதும் என்றிருந்தேன். அதன்பிறகு வந்த வருடங்களில் அந்தப் பத்தியை நானே நிரப்பினேன். ஒரு வருடம் ஏறும், இரண்டு வருடம் இறங்கும். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். உடனே அம்மாவின் அப்பாவும் காற்றும் ஞாபகம் வந்து நினைப்பை நிறுத்திக்கொள்வேன்.

இங்ரித் அம்மா அந்த மாடியிலேயே இறந்தார். காலையில் காப்பி ஆறியிருந்தது. மேசைமேல் தூங்கிக்கொண்டிருந்த கடிதத்தை அன்று நான்தான் வாசித்து அனுப்பினேன். இப்போது அவருடைய அண்ணன் மகள் நார்வேயிலிருந்து இந்தத் தொழிலை நடத்துகிறாள். நான் ஓய்வு பெற்றபின் பவித்ரா வந்தாள். இந்த மாதம் போனை நிறுத்திவிட்டு, எல்லா ஊருக்கும் தானாகவே மெயில் அனுப்பித் தானாகவே கட்டம் நிரப்புகிற ஏற்பாடு வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். தலையில்லாத மீனுக்குத் தலை வைப்பதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடுகிறதாம். காலியாக விடத்தான் அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பவித்ராவிடம் பொறுத்துக்கொள்ளச் சொன்ன அன்று சாயங்காலம், விளக்கேற்றிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் மாலிக்கின் எண்ணை அழுத்தினேன். விரலுக்கு மறக்கவில்லை. மலைமேல் கடைசி வெளிச்சம் இருந்தது. மணி நீளமாக அடித்தது. எடுக்கமாட்டார் என்று நினைத்தபோது எடுத்தார்.

"தி-ரு-வண்-ணா-மலை?" குரல் கிழடு தட்டியிருந்தது. சிரிப்பு அதேதான்.

"மெயில் பார்க்கவில்லையா?" என்று கேட்டேன்.

"மெயில் எதற்கு? நீங்கள்தானே போன் செய்வீர்கள். காத்திருந்தேன்."

கொட்டகை திறந்துதான் இருந்தது. மீன் வந்துகொண்டுதான் இருந்தது, நல்ல எடையாகவே. கடல் இந்த வருடம் உறையவே இல்லையாம். மெலிசாகக்கூட இல்லை. அதனால் குளிர்காலம் முழுக்கப் படகிலேயே போகிறார்களாம். எடையைச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. ஏதோ ஒன்று மட்டும் குறைந்தது. என்னவென்று தெரியாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். பிறகு தெரிந்தது.

"நாய்கள்?"

"வண்டி இல்லை என்றால் நாய் எதற்கு? சாப்பாடு போட்டு மாளுமா? ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. கிழடு. அது குரைப்பதில்லை," என்றார். "அங்கே வெயிலா?"

"வெயில்தான்," என்றேன். கொஞ்சம் அனுப்பு என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பவித்ராவுக்குப் போன் செய்து எடையைச் சொன்னேன், கொட்டகை முதலாளி நம் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார் என்பதையும் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "நல்லவேளைங்கா! அந்த ஜீரோவை அப்படியே அனுப்பியிருந்தா அந்த முதலாளி கொட்டகையே மூடியிருப்பாரு," என்றபடி கட்டத்தை நிரப்பினாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அக்கா, பக்கத்துல இன்னொண்ணு இருக்கே, வண்டி சென்ற நாட்கள்னு. அதைக் காலியா வுட்டுடட்டுங்களா?"

"வேணாம் பவித்ரா," என்றேன். "அதுல ஜீரோ போடு."